ஏழு மணிப் பால்

செய்தி வந்தபோது மணி நான்கு பத்து. வக்கீல் அலுவலகத்தில் தங்கை ஒரு வாடகை ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கவிழ்த்து வைத்திருந்த கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து பேனாக் குவளையில் போய் முட்டியது. திருப்பிப் பார்த்தாள். அண்ணன். மூன்று இருபதுக்கும் ஒரு தடவை அடித்திருந்தார். அப்போதும் அவள் எடுக்கவில்லை. நாலு நாளாக அவரோடு பேச்சில்லை. வீட்டிலேயே பேசாதவள் ஆபீசில் வைத்துப் பேசிவிடுவாளா என்ன? மறுபடி கவிழ்த்தாள்.

"எடுத்துத் தொலையேம்மா," என்றார் வக்கீல், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. "மேசையே ஆடுது."

எடுத்தாள். "என்ன?" என்றாள், கதவை அறைந்து சாத்துகிற மாதிரி.

வந்தது வேறு யாரோ ஒருவரின் குரல்.

"அம்மா, இந்த போன்காரரு உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன். ஏன்? நீங்க யாரு?"

"கடைசியா உங்களுக்குத்தான் அடிச்சிருக்காரு, அதான் இதுலயே கூப்பிட்டேன். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்புல உட்காந்திருந்தாரும்மா. தூங்குறாருன்னு நெனச்சோம். பக்கத்துல இருந்தவங்க எந்திரிச்சதும் அப்படியே சாஞ்சுட்டாரு. பெரியாஸ்பத்திரிக்கு ஏத்தி விட்டிருக்கோம். சீக்கிரம் போங்க."

மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் என்பதுதான் அவள் மனதில் முதலில் தைத்தது. அண்ணன் வேலை பார்க்கும் சலவை நிலையம் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம். வீடும் இந்தப் பக்கம். வேலை நாளில், மத்தியான நேரத்தில், அவருக்கு அங்கே என்ன வேலை?

அவள் போய்ச் சேர்வதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. அண்ணனுக்கு வயது ஐம்பத்தாறு.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே கண்ணாடி, பட்டன் போன், பஸ் பாஸ், ஏதோ சின்னக் காகிதப் பொட்டலம், மடித்த சட்டை. சட்டையை விரித்தவள் அலறிவிட்டாள். நெஞ்சுக்கு நேராக உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

"ரத்தம்! ரத்தம் வந்திருக்கு! யாரோ அடிச்சிருக்காங்க!"

சலவை நிலையத்திலிருந்து ஓடி வந்திருந்த இஸ்திரிக்காரர் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முப்பது வருஷம் அண்ணனுக்குப் பக்கத்து மேசையில் நின்றவர். விரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"ரத்தம் இல்ல தங்கச்சி. மஞ்சள். மஞ்சள் மேல சோப்பு பட்டா இப்படித்தான் செவந்துடும். காலையில சட்டையில பாலைக் கொட்டிக்கிட்டு வந்தாரு. அவசரத்துல குழாயடி சோப்பப் போட்டுத் தேச்சுட்டாரு. நான்கூடக் கிண்டல் பண்ணேன், நீரே இப்படிப் பண்ணலாமா ஐயான்னு." அவர் குரல் இறங்கிவிட்டது. "அவரு சொல்ற டயலாக்கத் திருப்பி அவருக்கே சொன்னேன். இது கொலை இல்லீங்க, சமையல்."

அவள் சிரித்துவிட்டாள். பிணவறைக் கதவுக்கு நாலடி தூரத்தில், வாய்விட்டு. கடந்துபோன தாதி ஒருத்தி நின்று பார்த்துவிட்டுப் போனாள். சிரிப்பு நிற்க வெகுநேரமாயிற்று. நின்றபோது அது சிரிப்பாக இல்லை.

அந்த டயலாக்குக்கு ஒரு கதை உண்டு. சலவை நிலையத்தில் அண்ணனை எல்லோரும் கறையார் என்றே கூப்பிட்டார்கள். துவைப்பது, உலர்த்துவது, தேய்ப்பது எல்லாம் மற்றவர்கள் வேலை. கறை எடுப்பது மட்டும் அவர் வேலை. பத்தொன்பது வயதில், அப்பா போன கையோடு, அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றவர். பழுப்புப் புட்டிகள் ஒரு வரிசை, பழைய பல் துலக்கும் பிரஷ்கள் ஒரு டப்பா, வெள்ளைத் துணிப் பந்துகள், மேலே ஒரு குண்டு பல்ப். துணியைப் பார்த்த மாத்திரத்தில் காப்பியா, மையா, துருவா என்று சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் முகர்வார். "டீ கொட்டிடுச்சு" என்று வாடிக்கையாளர் சொன்னால் மரியாதையாகத் தலையாட்டுவார், ஆள் போனதும், "டீயாம் டீ. டீ எப்பய்யா லிப்ஸ்டிக் போட்டுச்சு?" என்பார் இஸ்திரிக்காரரிடம்.

மஞ்சள் கறையோடு வருகிறவர்கள்தான் அவருக்குப் பெரிய வேடிக்கை. வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்திருப்பார்கள். கறை சிவந்திருக்கும். பதறிப்போய் வந்து நிற்பார்கள். "இது கொலை இல்லீங்க, சமையல்," என்று சொல்லி வாங்கிக்கொள்வார். சோப்பை நன்றாக அலசி எடுப்பார். இரண்டு சொட்டு வினிகர் விட்டதும் சிவப்பு பழையபடி மஞ்சளாகும். அப்புறம் மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டுவிட்டு அந்தத் துணியை மறந்துவிடுவார். நாலு நாளில் தானாகப் போய்விடும். "மஞ்சளுக்கு நான் வைத்தியன் இல்ல. மேல இருக்கற சூரியன்தான்," என்பார்.

பதினாறு வருஷத்திலேயே ஆவியும் மருந்து நெடியும் நெஞ்சில் தங்கிவிட்டன. இருமல் விடவில்லை. உணவகத்து மேலங்கிகளைச் சலவைக்குக் கொண்டுவரும் சமையல்காரர் ஒருவர் ஒருநாள் அந்த இருமலைக் கேட்டுவிட்டு, "மஞ்சளைத் துணியிலேர்ந்து எடுக்கத் தெரியுது, நெஞ்சுக்குள்ள போடத் தெரியலையா உமக்கு?" என்றாராம். அன்று தொடங்கியது ஏழு மணிப் பால்.

தங்கையின் கல்யாணம் ஒன்றரை வருஷத்தில் முறிந்து அவள் அண்ணன் வீட்டுக்கு வந்த மாதமும் அதுதான். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மாடிப் போர்ஷன். அண்ணன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு, "எனக்கு எல்லார் வீட்டுத் துணியும் தெரியும். அதுக்கப்புறமும் ஆசை வருமா?" என்று பதில் வைத்திருந்தார்.

அலுவலகத்திலிருந்து அவள் ஆறரைக்கு வருவாள். அவர் ஏழுக்கு வருவார். செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, நேராக அடுப்புக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமையே இடித்துச் சலித்துவைத்த மஞ்சள் தூள் அரைக் கரண்டி. சின்ன உரலில் அப்போதைக்கப்போது நசுக்கிய ஏழு மிளகு, ஒரு துண்டு சுக்கு, ஒரு ஏலக்காய், விரல் நகம் அளவுக்குப் பட்டை. முதலில் இவையெல்லாம் அரை டம்ளர் தண்ணீரில் கொதிக்க வேண்டும். பச்சை வாசனை போய், வேறொரு வாசனை எழுந்து மாடிப்படி வரைக்கும் இறங்கும். அப்போதுதான் பால். பால் பொங்கி அடங்கி, தீயைக் குறைத்து, இன்னும் கொஞ்ச நேரம். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு நூறு வரை எண்ணுவார். எண்ணி முடித்த பிறகே வெல்லம். கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிந்துவிடும்.

அந்த நூறுக்குள் அவருடைய அன்றைய நாள் முழுவதும் வந்துவிடும்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏய் வக்கீலம்மா, இன்னிக்கு ஒருத்தரு கல்யாணக் கோட்டு கொண்டு வந்தாரு. நாலு, அஞ்சு. பாக்கெட்டுல பாதி லட்டு. ஆறு, ஏழு."

"எட்டுல இருந்து எண்ணு. ஏழைத் தாண்டிட்ட."

"நீ டைப் அடிக்கறவ, நீ எண்ணாத. எட்டு. அந்த லட்டுக்கு வயசு என்ன தெரியுமா? பையனுக்கே இப்ப கல்யாணமாம். ஒம்போது."

"சீ!"

"பத்து. இஸ்திரிக்காரரு அதத் தின்னுப் பாக்கலாமாங்கறாரு."

ஐம்பதுக்கு மேல் அவள் முறை. வக்கீல் யாரிடம் என்ன குட்டு வாங்கினார், எந்தப் பத்திரத்தில் யார் பெயர் தப்பாய்ப் போயிற்று. தொண்ணூற்றொன்பதில் இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். நூறு. வெல்லம் விழும். இப்படி இருபத்தொரு வருஷம்.

அண்ணன் இறந்த வாரம், திங்கட்கிழமை, அவர் வரத் தாமதமாயிற்று. ஏழே காலாகியும் காணோம். களைத்து வருவாரே, நாமே காய்ச்சிவைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிய வேலை. மிளகை நசுக்கினாள், கொதிக்கவைத்தாள், பாலை ஊற்றினாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவர் வருவதற்குள் முடித்துவிடும் அவசரத்தில் அடுப்பு எரியும்போதே வெல்லத்தைப் போட்டுவிட்டாள். கண் எதிரே பால் திப்பி திப்பியாகப் பிரிந்தது.

அண்ணன் தனியாக வரவில்லை. தபாலைக் கொடுப்பதற்காகக் கீழ்வீட்டு டீச்சரும் கூடவே ஏறி வந்திருந்தார். அண்ணன் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். யாராவது கேட்க ஆளிருந்தால் அவருக்கு நாக்கு சும்மா இருக்காது.

"பாருங்க டீச்சர், பாலையே திரிய விட்டுட்டா. இவகிட்ட குடும்பம் எப்படித் தங்கும்?"

சொன்ன மறுகணமே அவர் முகம் மாறிவிட்டதை அவள் பார்த்தாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். டீச்சர் தபாலைக் கதவருகே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிப் போனார். இருபத்தொரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்காத பேச்சு அது.

"ஆமா, நான் திரிச்சவதான்," என்றாள் தங்கை. "நீ ஒண்ணும் என்னைக் காப்பாத்த வேண்டாம். நீ போய்த் திரி. எங்க வேணா போய்த் திரி. இந்த வீட்டுப் பக்கம் வராத."

கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கித் தொட்டியில் எறிந்தாள். கைப்பிடி விட்டுப்போயிற்று. கைப்பிடியைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளில் ஒன்று தெறித்து, தொட்டியில் இரண்டு சுற்றுச் சுற்றி, தண்ணீர் போகும் துளைக்குள் விழுந்தது. அது விழுந்த சத்தத்தை இருவருமே கேட்டார்கள்.

மறுநாள் ஏழு மணிக்கு அவர் வழக்கம்போல் பால் காய்ச்சினார். அவள் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். ஒற்றைத் திருகாணியில் தொங்கிய கைப்பிடி, பால் கொதிக்கத் தொடங்கியதும் பாத்திரத்தில் தட்ட ஆரம்பித்தது. டக், டக், டக டக. பால் பொங்கப் பொங்க வேகமாகத் தட்டும். அடுப்பை அணைத்ததும் தள்ளித் தள்ளித் தட்டி நிற்கும். அதன் பிறகு நூறு எண்ணும் நேரம். அவர் சத்தமாக எண்ணவில்லை. அவள் கதவுக்குள்ளிருந்து மனதுக்குள் எண்ணினாள். நூறில் சரியாகக் கரண்டி கிணுங்கும். அவளுடைய டம்ளரைத் தட்டுப் போட்டு மூடி மேசையில் வைத்துவிட்டுப் போவார். அவள் தொடமாட்டாள். காலையில் அந்த ஆறிப்போன பாலை, ஆடை படிந்ததை, வீணாக்க மனமில்லாமல் அவரே குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார். செவ்வாய், புதன், வியாழன். வெள்ளிக்கிழமை காலையில் அதைத்தான் சட்டையில் கொட்டிக்கொண்டிருக்கிறார். மத்தியானம் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறார்.

எல்லாம் முடிந்து உறவினர்கள் கலையும்போது சித்தி கேட்டாள். சித்திக்கு மனதில் தோன்றியது வாயில் வர ஒரு நொடிகூட ஆகாது.

"அந்த ஸ்டாப்புல எல்லாமே வெளியூர்ப் பக்கம் போற பஸ்ஸாச்சேடி. வேலைய விட்டுட்டு எங்க கிளம்பினான் அவன்? உங்களுக்குள்ள ஏதும் சண்டையா?"

"இல்ல சித்தி."

"இல்ல, வீட்டுல கோவிச்சுக்கிட்டு எங்கயோ கிளம்பின மாதிரி இருக்கேன்னு கேட்டேன்."

பால் கெட்டால் திரிந்தது என்கிறோம். போக்கிடமில்லாமல் அலைகிறவனையும் திரிகிறான் என்கிறோம். எத்தனையோ பத்திரங்களில் எத்தனையோ சொற்களைத் தட்டச்சு செய்தவளுக்கு இந்த ஒரு சொல்தான் தொண்டையில் மாட்டிக்கொண்டது. எங்க வேணா போய்த் திரி. அவள் அண்ணனிடம் சொன்ன கடைசி வார்த்தைகள் அவை. அவர் அதைக் கேட்டுத்தான் போனாரா? மூன்று இருபதுக்கு அடித்தது, போகிறேன் என்று சொல்லத்தானா? சட்டையை மடிக்கும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும், வக்கீல் சொல்லச் சொல்ல அடிக்கும்போதும் அவளுக்குள் இந்தக் கேள்வி ஓடிக்கொண்டேயிருந்தது.

முதல் வாரம் அவள் எதையும் கவனிக்கவில்லை. இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. டக், டக், டக டக.

எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரம் அலமாரியில் கவிழ்ந்தபடி இருந்தது. தொட்டுப் பார்த்தாள், குளிர்ந்திருந்தது. குழாய் சொட்டுகிறதா என்று பார்த்தாள். இல்லை. ஜன்னல் கொக்கி ஆடுகிறதா? இல்லை. அவள் அங்கே நிற்கும்போது சத்தம் வரவில்லை. அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினால் வந்தது. அந்த மூன்று நாளில் எங்கே படுத்துக் கேட்டாளோ அங்கே படுத்தால்தான் கேட்டது. தள்ளித் தள்ளித் தட்டி நின்றது. பிறகு அவளையறியாமல் எண்ணத் தொடங்கினாள். நூறு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கரண்டிச் சத்தம் மட்டும் வரவில்லை.

எனக்குத்தான் மனசு சரியில்லை என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் சில நாள் கழித்துப் படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டு டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"நீங்க விடாம அந்தப் பாலைக் காய்ச்சறது நல்லதும்மா. நேத்துக்கூட ஏழு மணிக்கு வாசனை வந்துச்சு. மிளகும் மஞ்சளும். எங்க வீட்டுக்காரர்கூடச் சொன்னாரு, பாவம், அண்ணனுக்காகக் காய்ச்சறாங்கன்னு."

அவள் அடுப்பைப் பற்றவைத்தே பத்து நாளாகியிருந்தது. மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு. "ஆமா டீச்சர்," என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறினாள். பயமா என்று கேட்டால் பயம்தான். ஆனால் அதற்கப்புறம் ஒருநாளும் ஏழு மணிக்கு அவள் வெளியே இருந்ததில்லை. வக்கீல் கூடுதல் வேலை கொடுத்தாலும் மறுத்துவிட்டு வந்துவிடுவாள்.

இதற்கிடையில் அந்தச் சட்டையை ஒருநாள் எடுத்து அலசினாள். அவர் செய்வது போலவே இரண்டு சொட்டு வினிகர் விட்டாள். சிவப்பு மஞ்சளாயிற்று. மொட்டை மாடிக் கொடியில் வெயிலில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். நாலாம் நாள் எடுத்தபோது சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. புதுச் சட்டை மாதிரி, யாருடையதும் இல்லாத மாதிரி. அவளுக்காகக் காய்ச்சி, அவள் தொடாமல் விட்டு, அவர் குடித்த பால் அது. அதையும் துடைத்துவிட்டோமே என்று மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து இஸ்திரிக்காரர் வந்தார், அண்ணனுடைய மேசையில் கிடந்த பொருள்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு. கூடுதல் கண்ணாடி, ஒரு துண்டு, சீப்பு. அவள் பதிலுக்கு ஆஸ்பத்திரிப் பையிலிருந்த காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"இது உங்க மெஷினோட ஸ்க்ரூ போலிருக்கு. பாக்கெட்டுல வச்சுக்கிட்டே போயிட்டாரு. குடுத்துடுங்க."

பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு திருகாணிகள். ஒன்று பெரியது, ஒன்று கொஞ்சம் சிறியது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"நம்ம மெஷினுக்கு இந்த ஸைஸே கிடையாது தங்கச்சி. இது பாத்திரத்துக்குப் போடறது. அன்னிக்கு அரை நாள் லீவு கேட்டாரு. என்னய்யான்னேன். வீட்டுல ஒரு வேலை இருக்குன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

அவர் போன பிறகு அவள் காகிதத்தை நீவி விரித்தாள். பழைய பரீட்சைத் தாளின் பாதி. கணக்குப் பாடம். ஒரு தப்பான விடை, சிவப்பு மையில் சுழித்திருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் போனாள். இத்தனை நாள் அந்த இடத்தைத் தவிர்த்தே வந்திருந்தாள். பஸ் நிறுத்தம், ஒரு சிமெண்டு பெஞ்சு. அதன் பின்னால் ஒரு சந்து. சந்து முழுக்கப் பாத்திரக் கடைகள். கடைசியில், படிக்கட்டுக்கு அடியில், குக்கரும் கைப்பிடியும் மூடியும் குவிந்து கிடக்க நடுவில் ஒரு பாத்திர ரிப்பேர்க்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு கட்டுப் பரீட்சைத் தாள்.

தாளையும் திருகாணிகளையும் நீட்டினாள்.

"இது நீங்க குடுத்ததாங்க? ஒரு மாசத்துக்கு முன்னாடி, வெள்ளிக்கிழமை மத்தியானம். வெள்ளைச் சட்டை. நெஞ்சுல சிவப்பா ஒரு கறை இருந்திருக்கும்."

"அட, கொலைகார சார்!" என்றார் ரிப்பேர்க்காரர். "என்னா சார், சட்டையில ரத்தம்னு கேட்டேன். கொலை இல்லீங்க, சமையல்னாரு. மறக்குமா அது? நல்லா இருக்காரா?"

"என்ன கேட்டு வந்தாரு?" என்றாள்.

"கைப்பிடிக்கு ஸ்க்ரூ. பாத்திரம் எங்க சார்னேன். வீட்டுல இருக்குன்னாரு. ஆளைப் பாக்காம சட்டை தைக்கச் சொல்றீங்களே சார், பாத்திரத்தைக் கொண்டாங்க, நாளைக்கு மாட்டித் தர்றேன்னேன். அதெப்படி, பாத்திரத்த உங்ககிட்ட குடுத்துட்டா இன்னிக்கு ஏழு மணிக்குப் பாலை எதுல காய்ச்சறதுன்னு கேக்கறாரு. ஒரே சிரிப்பு எனக்கு. சரி, ஸ்க்ரூ பெருசா சிறுசா, வீட்டுல கேளுங்கன்னேன். போன் போட்டாரு."

"யாருக்குன்னு சொன்னாரா?"

"தங்கச்சிக்குன்னாரு. கோவமா இருக்கா, எடுக்க மாட்டா, இருந்தாலும் அடிச்சுப் பாக்கறேன்னாரு. எடுக்கல. பாத்தீங்களா, சொன்னேன்லன்னு என்கிட்டயே பெருமை வேற. சரி, ரெண்டையும் குடுங்க, ஏதோ ஒண்ணு சேரும்னு வாங்கிட்டுப் போனாரு."

சின்னது. அவளுக்கு விடை தெரியும். தொட்டித் துளைக்குள் விழுந்ததை அவள்தான் பார்த்தாள். எடுத்திருந்தால் ஒரே ஒரு வார்த்தை. சின்னதுண்ணா.

"அந்த ஸ்டாப்புல எதுக்குங்க உட்காந்தாரு?" குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அங்க எல்லாம் வெளியூர் போற பஸ்ஸுதானே?"

"யாரு சொன்னா? இருபத்தி மூணு இருக்கே. நான்தான் சொல்லிவிட்டேன். நேர் பஸ்ஸுல கூட்டம், நிக்க முடியாது, மூச்சு வாங்குதுன்னாரு. அப்ப இருபத்தி மூணுல ஏறுங்க சார், காலியா வரும், உட்காந்துட்டே போகலாம்னேன். என்ன, ஊரெல்லாம் திரிஞ்சுட்டுத்தான் வரும். ஆனா எங்க திரிஞ்சாலும் கடைசியில அவரு சொன்ன தெரு முனையிலதான் வந்து நிக்கும்." கையிலிருந்த குக்கர் மூடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்தவர் அப்போதுதான் அவள் முகத்தைக் கவனித்தார். "நீங்க... தங்கச்சியாம்மா?"

திரும்பும்போது அவள் இருபத்து மூன்றில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் மார்க்கெட்டைச் சுற்றியது, குடிநீர்த் தொட்டியைச் சுற்றியது, அவள் பார்த்தேயிராத காலனிகளுக்குள் நுழைந்து வெளியே வந்தது. ஒன்றேகால் மணி நேரம். தெரு முனையில் இறங்கியபோது ஆறரை.

அடுப்பைப் பற்றவைத்தாள். மிளகு ஏழு, சுக்கு, ஏலக்காய், பட்டை. மஞ்சள் தூள் புட்டியில் அண்ணன் சலித்துவைத்தது பாதிக்கு மேல் இருந்தது. தண்ணீர் கொதித்துப் பச்சை வாசனை போனதும் பாலை ஊற்றினாள். சரியாக ஏழுக்குக் கைப்பிடி தட்ட ஆரம்பித்தது. தினமும் ஏழுக்குக் கேட்கும் சத்தமும் இதுவும் சேர்ந்து அன்றைக்குக் கேட்டது ஒரே சத்தம்தான். அது எதிலிருந்து வருகிறது என்று அவள் குனிந்து பார்க்கவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு வாய்விட்டு எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. இன்னிக்கு நான் உன் பஸ்ஸுல வந்தேன். நாலு, அஞ்சு. சின்ன ஸ்க்ரூண்ணா. சின்னதுதான்." ஐம்பதுக்கு மேல் யாருடைய முறை என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறி, பிறகு எண்ணிக்கையை மட்டும் சொல்லிக்கொண்டு போனாள். நூறு. வெல்லத்தைப் போட்டாள். பால் திரியவில்லை.

குடித்து முடித்து, பாத்திரத்தைக் கழுவித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். சின்னத் திருகாணியைத் துளையில் வைத்துக் கத்தி நுனியால் முடுக்கினாள். அளவெடுத்தது போல் உள்ளே இறங்கியது. ஒரு சுற்று முடுக்கி, பாத்திரத்தை ஆட்டிப் பார்த்தாள். டக் டக். இன்னொரு சுற்று. டக். இன்னொன்று. சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. நாலாவது சுற்றில் காதருகே வைத்து ஆட்டினால்தான் கேட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

பெரிய திருகாணி பரீட்சைத் தாளில் மடித்தபடி மஞ்சள் புட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சின்னதன் தலை கைப்பிடியோடு படிய இன்னும் இரண்டு சுற்று பாக்கி.